கிருத்திகைக்கு சைபர்

செய்யூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். பருத்தவர் டாக்டரைப் பார்க்கப் போகிறார். எடை குறையாவிட்டால் இன்று முதல் இன்சுலின் ஊசியாம். சாப்பிட்டதையெல்லாம் பதிந்து கலோரி பார்க்கும் செயலியைப் போனில் காட்டினார்.

“இன்னாடா, கிருத்திகைக்கு சைபர் போட்டுகீற?”

“விரதம் மச்சான். சோத்தயே தொடல.”

“அப்ப இன்னாதான் துன்ன?”

“டிபன்தான். எட்டு இட்லி, நாலு வடை, கொஞ்சூண்டு பாயசம்.”

“அதப் போடலியா?”

“விரதத்துல துன்னத எவனாவது கணக்குல சேப்பானா?”

“சரி, டாக்டரு வெயிட் மெஷின்ல ஏத்துவாரே, அப்ப?”

பருத்தவர் கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி நண்பரின் மடியில் வைத்தார். பிறகு குனிந்து, “இந்தச் செருப்பயும் புடி மச்சான்” என்றார்.