பஸ்டாண்டுல பொணமாப் படுத்த நடிகரு

...அதாண்ணே கேக்குறேன், செத்தவரு எந்திரிச்சா அது என் தப்பா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஒரு ஜீப்புல பதினாறு பேர ஏத்துனா முழங்கால எங்கிட்டு வைக்கிறது. நான் போடியில பந்தக் கடை வச்சிருக்கேண்ணே, கோட்டைச்சாமின்னா சொல்லுவாக. கல்யாணம், காதுகுத்து, எழவு, எல்லாத்துக்கும் நாந்தான். இப்பப் பாருங்க, சொந்த ஊர்ல தலைகாட்ட முடியாம மலைமேல மச்சினன் இருக்கற ஏலத்தோட்டத்துக்கு ஓடுறேன்.

அந்த நடிகரு ஆதவேந்தன் இருக்காருல்ல, எங்கயோ நடக்குற சண்டைய நிறுத்தச் சொல்லி, நம்ம பஸ்டாண்டு முன்னாடி ஒரு மணி நேரம் பொணமாட்டம் படுக்கப்போறேன்னாரு. குண்டு விழுந்து செத்த பிள்ளைகளுக்காகவாம். நல்ல மனசுதான், நான் இல்லேங்கல. அவரு மேனேஜரு என்னையக் கூப்பிட்டு, எல்லாம் நெசமாட்டமே இருக்கணும்னாரு. எனக்குத் தெரிஞ்ச நெசம் எழவு வீட்டுச் சோலிதாண்ணே. கால் பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டுனேன். வாய் தொறக்காம தாடையச் சேத்து நாடிக்கட்டுப் போட்டேன். சங்கு ஊதச் சொன்னேன். சிலமலையிலருந்து கருத்தம்மாவ ஒப்பாரிக்குக் கூட்டியாந்தேன்.

அந்தப் பொம்பள அவருக்கு அழுகலண்ணே. துணியில சுத்தி வரிசையாப் போட்டிருந்த பச்சப்பிள்ளைகள போன்ல பாத்துச்சாம். பேரு தெரியாத பிள்ளைகளுக்கு அதுவாப் பேரு வச்சு, ஒண்ணொண்ணாக் கூப்பிட்டு அழுதுச்சு. படுத்திருந்தவருக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத ஒருத்தன் பாத்துட்டான், தலைவரு உசுரோட இருக்காருன்னு கத்திட்டான்.

சந்தோசப்படணும்ல? ஏமாத்திட்டோம்னு எங்க ரெண்டு பேரையும் அடிக்க வர்றானுகண்ணே. அம்புட்டுப் பேரும் நெசமாச் செத்துட்டாருன்னு அழுதுக்கிட்டு வந்த கூட்டம். எந்திரிச்சு ஓடலாம்னா அவருக்குக் காலு கட்டிக் கெடக்கு. தத்தித் தத்தியே போயி காருக்குள்ள விழுந்தாரு. சண்டை வேணாம்னு சொல்ல வந்த எடத்துல எத்தன சேரு ஒடஞ்சிருக்குங்கறீக. பூராம் என் சேரு.

செத்துட்டாருன்னு யாரு சொன்னதுன்னு கேக்கறீகளா... கேக்கல, சரி, நானே சொல்றேன். போஸ்டரு இல்லாம என்னண்ணே சாவு? முந்துன நாளே அடிச்சு, தேவாரம் கம்பம் வரைக்கும் ஒட்டிட்டேன். கண்ணீர் அஞ்சலின்னு அவரு படம், கீழ என் கடை பேரு, செல்நம்பரு. இது போராட்டந்தான்னு ஒரு வரி போட்டிருக்கலாம். எடம் பத்தல. கடை பேரக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டேன்.

என்னண்ணே, இந்தக் குளுருக்குள்ள குல்லாவக் கழட்டுறீக... மொட்டையா? மீசையும் எடுத்துட்டீகளா? பெத்த அப்பனுக்குல்ல இப்படி எடுப்பாக... அண்ணே, அவருக்கா?

டிரைவரு தம்பி, இந்த வளைவுலயே நிப்பாட்டுப்பா. மிச்சத்த நான் நடந்தே போயிக்கிறேன்.