கோட்டில் குத்தியிருந்த சீட்டு

மாஸ்டர்: ...கை நீளம் நகத்தையே மூடுதாம்! நேத்து கோட்டு வாங்கிட்டுப் போனவங்க போன்ல அந்தக் கத்து கத்துறாங்க. முப்பது வருஷமா தைக்கிறேன், ஒருத்தர் கோட்டைத் தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுத்ததே இல்ல.

காஜாக்கா: நான் ஒரு நாள்தான் லீவு போட்டேன். அதுக்குள்ள...

மாஸ்டர்: உன் லீவுக்கும் இதுக்கும் என்ன? நீ பட்டனுக்குக் காஜா எடுக்கிறவ. துணி கொடுக்கிறது...

காஜாக்கா: அதுவும் நான்தான்.

மாஸ்டர்: ம்... ஆமா, நீதான். சரி, இங்க வா. ரெண்டு சாம்பல் கலர் கோட்டு வந்துச்சா? ஒரே துணி, ஒரே தையல். கை நீளம் மட்டும்தான் வேற. மாறிடக்கூடாதுன்னு சீட்டு எழுதிக் குத்தினேன். ஒண்ணு கருப்பி. ஒண்ணு தெத்துப்பல்லு.

காஜாக்கா: சரி.

மாஸ்டர்: என்ன சரி? மிச்சம் இருக்கிற கோட்டுல சீட்டைப் படி.

காஜாக்கா: 'கதவை மெதுவா சாத்துறவங்க.'

மாஸ்டர்: யாரும்மா அது? நேத்து போன கோட்டுல 'சிரிப்பு'ன்னு இருந்துச்சு. ஒருத்தங்க வந்தாங்க. சாம்பல் கோட்டுன்னாங்க. சிரிச்சாங்க. கொடுத்துட்டேன்.

காஜாக்கா: ஐயோ மாஸ்டர்... அது கருப்... அது மருந்துக் கடைக்காரம்மா. 'சிரிப்பு' அவங்க இல்ல.

மாஸ்டர்: என்னைப் பார்த்து சிரிச்சாங்களே!

காஜாக்கா: உங்களைப் பார்த்தா எல்லாரும்தான் சிரிப்பாங்க. 'சிரிப்பு' வேற ஒருத்தங்க.

மாஸ்டர்: எவங்க?

காஜாக்கா: நீங்க தெத்துப்பல்லுன்னீங்களே... அவங்க. சிரிச்சா அவ்வளவு அழகு.

மாஸ்டர்: தலை சுத்துது எனக்கு. தெத்துப்பல்லு எப்படிம்மா சிரிப்பு ஆச்சு? நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணுக்கு இன்டர்வியூ. இன்னிக்கு நாலு மணிக்கு வந்து நிக்கும். நான் என்னத்தைக் கொடுப்பேன்?

காஜாக்கா: மருந்துக் கடைக்காரம்மாகிட்ட இப்பவே போன்ல பேசிடறேன். கோட்டை எடுத்துக்கிட்டு வரச் சொல்றேன். மாத்திக் கொடுத்தா முடிஞ்சுது.

மாஸ்டர்: முடியல. கோட்டு போகட்டும்... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தச் சீட்டு என் கையெழுத்துதானே? பாரு, அதே கோணல். ஆனா நான் எழுதின ஞாபகமே இல்ல.

காஜாக்கா: மாஸ்டர்...

மாஸ்டர்: இரு, சொல்ல விடு. போன மாசம் மொட்டைன்னு எழுதினேன். சாயங்காலம் பார்த்தா, 'நாய்க்குட்டியோட வர்றவர்'! அன்னிக்குத் தூக்கமே இல்ல. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது... கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு. நாளைக்கு எனக்குத் தலையில ஸ்கேன். வீட்டுல சொல்லல. ரிசல்ட் பார்த்துட்டு மெஷினை வித்துடலாம்னு...

காஜாக்கா: ஐயோ, விக்காதீங்க! உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மாத்தி எழுதினது நான்.

மாஸ்டர்: ...என்னது?

காஜாக்கா: உங்க சீட்டைக் கிழிச்சுட்டு, உங்க எழுத்து மாதிரியே எழுதிக் குத்திடுவேன். கொடுக்கிறது நான்தானே, உங்களுக்கு எங்க தெரியப் போகுதுன்னு...

மாஸ்டர்: எப்பலேர்ந்து?

காஜாக்கா: ஏழு வருஷமா.

மாஸ்டர்: அடிப்பாவி! ஒரு மாசமா நான் செத்துச் செத்துப் பிழைச்சுக்கிட்டிருக்கேன்!

காஜாக்கா: நீங்க சீட்டைத் திரும்பிப் பார்ப்பீங்கன்னே நினைக்கல. மன்னிச்சுடுங்க மாஸ்டர்.

மாஸ்டர்: ஆனா ஏன்? நான் என்ன திட்டியா எழுதறேன்? பேரு மறந்து போகும், நம்பர் அழிஞ்சு போகும். மூஞ்சி மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. கருப்பா இருந்தா கருப்பி. அடையாளம்மா, அவ்வளவுதான். மனசுல ஒண்ணும் கிடையாது.

காஜாக்கா: உங்க மனசு எனக்குத் தெரியும். சீட்டைப் படிக்கிறவங்களுக்கு...

மாஸ்டர்: யாரு படிக்கப் போறா? கவர்ல போடறதுக்கு முன்னாடி எடுத்துடறோமே.

காஜாக்கா: எடுக்க மறந்தா?

மாஸ்டர்: மறந்ததே இல்ல.

காஜாக்கா: ஒரு தடவை மறந்தீங்க. நீலப் பாவாடை. இடுப்பு பிடிக்கக் கொடுத்தது.

மாஸ்டர்: நீலப் பாவாடை ஆயிரம் வந்திருக்கும். சீட்டுல என்ன இருந்துச்சு?

காஜாக்கா: அதை என் வாயால சொல்லணுமா?

மாஸ்டர்: சொல்லும்மா.

காஜாக்கா: வாழாவெட்டி.

மாஸ்டர்: அட... அந்தப் பொண்ணா! நல்லா ஞாபகம் இருக்கே! அம்மாகூட வந்துச்சு. 'புருஷன் வீட்டுலேர்ந்து திரும்பி வந்துட்டா'ன்னு அந்தம்மா இந்த மேஜையில கையை ஊனிக்கிட்டு அழுதாங்க. பொண்ணு வாயே திறக்கல. இளைச்சுப் போய், பாவாடை நிக்காம, ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு. பார்த்தியா? எவ்வளவு தெளிவா சொல்றேன்! ஸ்கேனாவது ஒண்ணாவது...

காஜாக்கா: ஆமா மாஸ்டர். எல்லாம் சரியா சொல்றீங்க.

மாஸ்டர்: அந்தச் சீட்டையா உள்ளே விட்டுட்டேன்? ச்சே... அதான் அந்தப் பொண்ணு அப்புறம் இந்தப் பக்கமே வரல. பாவம்... எங்க போச்சோ.

காஜாக்கா: எங்கயும் போகல மாஸ்டர். அடுத்த வாரமே வந்து, காஜா எடுக்க ஆள் வேணுமான்னு உங்ககிட்டதான் கேட்டேன்.