பார்வைப் புள்ளி நான்கு

மலையில் இறங்கும் குழாய்க்குப் பச்சை வண்ணம் அடிக்கக் கூடாது. அனுபவமில்லாதவர்கள் அதைத்தான் செய்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலை பச்சையாக இருப்பதே இல்லை. சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். பச்சைக் குழாய் இரண்டு மைலுக்கு அப்பாலும் பல்லிளிக்கும்.

என் வேலை இதுதான், ஐயா. நீர்மின் நிலையம் கட்டும்போது மலையின் முகம் கெடாமல் பார்த்துக்கொள்வது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏழு நிலையங்களை ஒளித்து வைத்திருக்கிறேன். ஒன்றின் கூரையில் புல் வளர்த்தேன். அதில் ஆடு ஏறி மேய்ந்த புகைப்படத்தை அலுவலகத்தில் இன்றும் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

எட்டாவது நிலையம் எங்கள் வீட்டுக்கு எதிர் மலையிலேயே வந்தது. வீடு அக்காவுடையது. அவளுக்கும் கல்யாணமில்லை, எனக்கும் இல்லை. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். "முப்பது வருஷம் காதுக்குத்தான் வேலை. இனிமே கண்ணுக்கு" என்று சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

குழாய் எங்கெங்கிருந்து தெரியும் என்று பார்த்து, அந்த இடங்களுக்குப் பார்வைப் புள்ளி என்று எண் போடுவோம். எத்தனை பேர் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். சாலையில் போகிறவர் பார்த்தால் பாதிப்பு சொற்பம். வீட்டிலிருந்து நாள் முழுக்கப் பார்க்கிறவர் ஒரே ஒருவர் இருந்தாலும் 'கடுமை'. ஒரு 'கடுமை' வந்துவிட்டால் அனுமதி கொடுக்கும் குழு வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடும். என் வரைபடம் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை.

இந்த நிலையத்துக்கு ஆறு புள்ளிகள். ஐந்தில் பாதிப்பு 'இல்லை' என்று முடிந்தது. நான்காவது, அக்காவின் சன்னல். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன், ஆனால் திட்டத்தில் வேலை செய்பவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

சன்னலிலிருந்து எடுத்த புகைப்படத்தில் குழாயை வரைந்து அக்காவிடம் காட்டினேன்.

"என்னடி இது, மலைக்கு மூக்குல ட்யூப் சொருகியிருக்கு? தினம் காலையில ஒரு நோயாளி மூஞ்சியிலயா நான் முழிக்கணும்?"

"சாம்பல் கலர் அடிச்சிடுவோம்கா. தெரியவே தெரியாது."

"தெரியாததை எதுக்குடி எனக்குக் காட்டுற?"

அன்றே குழுவுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதி, என்னிடமே கொடுத்து தபாலில் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். அடுத்தவர் கடிதத்தை அமுக்குகிற பழக்கம் எனக்கில்லை.

குழாயைப் புதைக்கப் பார்த்தேன். அடியில் முழுக்கப் பாறை. சன்னலுக்கு முன் மரம் வைத்தால் வளரப் பதினைந்து ஆண்டு ஆகும். வேறு வீட்டுக்குப் போகலாமா என்று நயமாகக் கேட்டேன். மாட்டேன் என்றாள். யாரையும் கட்டாயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

அக்காவுக்குக் கண்ணில் அழுத்த நோய் இருந்தது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டால் கட்டுக்குள் நிற்கும். நிறுத்தினால் பார்வை போகும், போனது திரும்பாது என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவரை அவளே விட்டுக்கொள்வாள், பாதி கன்னத்தில் வழியும். இனி நான் விடுகிறேன் என்றேன். படிவத்தின் அடிக்குறிப்பில், பார்வையிழந்தவரை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. எனக்கு முன்பே இருந்தது.

உப்பு நீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டித்தான் மருந்துப் புட்டியில் நிரப்பினேன். ஒருமுறைகூடக் கண் சிவக்கவில்லை. அந்தச் சுத்தத்தையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த நோயில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வரும். ஆறாம் மாதம் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். "இந்த வீடு எனக்குத் தெரியாம நகந்து நகந்து உக்காருதுடி" என்று சிரித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் படிவத்தில் பாதிப் பார்வையாளருக்குக் கட்டம் கிடையாது. கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவளும் நானே என்பதால், வேலை அதிகம் என்று இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டேன்.

பதினான்காம் மாதம் ஒருநாள், "இன்னுமா விடியல?" என்று கேட்டாள். மணி பத்து. சன்னல் திறந்துதான் இருந்தது.

படிவத்தோடு இணைக்கப் பார்வையிழப்புச் சான்றிதழ் வாங்குவதற்காக அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மருந்தை ஒழுங்காக விட்டீர்களா என்று அக்காவைக் கேட்டார்.

"என் தங்கச்சி ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்ல டாக்டர். நான் போட்டா எரியும். அவ போட்டா எரியவே எரியாது. அப்படி ஒரு பக்குவமான கை அவளுக்கு."

மருத்துவர் என்னைப் பார்த்தார். மருந்தைக் கேட்டார். கைப்பையிலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஒரு சொட்டை விரலில் விட்டு நாக்கில் வைத்தார்.

"இது வெறும் உப்புத் தண்ணி."

அக்கா என் பக்கம் திரும்புவதாக நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டானாடி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். "இல்லக்கா, நான்தான் ஊத்தினேன்" என்றேன். அக்காவிடம் நான் இதுவரை ஒரு பொய் கூடச் சொன்னதில்லை.