பெட்டி எப்ப வரும், சகலை?

தோட்டக்காரர்: ஐயோ, மெல்ல சகலை... குத்தாதீங்க. பூவு நொந்துபோயிடும்.

தேனீக்காரர்: நொந்துச்சுன்னா சொல்லட்டும், நிறுத்திக்கறேன்.

தோட்டக்காரர்: சிரிக்காதீங்க. பிரஷ்ஷ இப்படிப் புடிங்க... கண்ணுல விழுந்த தூசிய எடுக்கற மாதிரி. தொட்டும் தொடாம.

தேனீக்காரர்: என்கிட்ட இருந்த தேனீங்களுக்கு யாரும் பாடம் எடுக்கலண்ணே. அதுபாட்டுக்கு வந்துச்சு, அதுபாட்டுக்குப் பூவத் தொட்டுச்சு, போச்சு.

தோட்டக்காரர்: ஆரம்பிச்சாச்சா? ஏணி ஏறி இன்னும் ஒரு கிளை முடியல, அதுக்குள்ள...

தேனீக்காரர்: நான் எங்க ஆரம்பிச்சேன்? அந்த மகரந்த டப்பாவ இந்தப் பக்கம் தள்ளுங்க. இது எந்த மரத்துத் தூளு?

தோட்டக்காரர்: கடைசி வரிசையில நிக்குதே, வேற ஜாதிப் பேரிக்கா மரம், அதோடது. ஒரே ஜாதித் தூளு ஒட்டாதாம். வெளி ஜாதிதான் வேணுமாம்.

தேனீக்காரர்: மரத்துக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. சொந்தத்துக்குள்ளயே சுத்தினா வெளங்காதுன்னு.

தோட்டக்காரர்: குத்தறது பூவையா, என்னையா?

தேனீக்காரர்: என்கிட்ட ஒரு பிரஷ்தான் இருக்கு. ரெண்டுக்கும் அதுதான்.

தோட்டக்காரர்: சரி விடுங்க. அக்காளும் தங்கச்சியும் ரெண்டு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசிக்கல. அவங்களக் கட்டின நாம ரெண்டு பேருமாவது ஒரு மரத்துல ஏறியிருக்கோமே.

தேனீக்காரர்: இங்க வர்றேன்னு நான் வீட்டுல சொல்லல.

தோட்டக்காரர்: நான் மட்டும்? நீங்க வர்றீங்கன்னு சொன்னா உள்ள பாத்திரம் பறக்கும்.

தேனீக்காரர்: எதுக்குக் கூப்பிட்டீங்க, அதச் சொல்லுங்க.

தோட்டக்காரர்: நேராவே கேட்டுடறேன்... பெட்டி எப்ப வரும், சகலை?

தேனீக்காரர்: எந்தப் பெட்டி?

தோட்டக்காரர்: விளையாடாதீங்க. தேனீப் பெட்டிதான். முன்ன மாதிரி வேலியோரமா வரிசையா வைங்க. போன வருஷம் இந்தத் தோப்பு பூத்ததப் பாத்து ரோட்டுல போறவன்லாம் வண்டிய நிறுத்திப் படம் புடிச்சான். பழம்? ஒரு கூடை தேறல. பிஞ்சே புடிக்காம அத்தனையும் உதிர்ந்துச்சு. கூட்டி அள்ளிக் குப்பையில போட்டேன்.

தேனீக்காரர்: நாங்களும் கூட்டி அள்ளினோம். அது பூவு இல்ல.

தோட்டக்காரர்: தெரியும்.

தேனீக்காரர்: தெரியாதுண்ணே. வேலிக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நாங்க. எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பெட்டி வாசல்ல கருப்பா, குவியல் குவியலா... சிலது சாகாம நாக்க நீட்டிக்கிட்டு வட்டம் வட்டமா சுத்திக்கிட்டே கெடந்துச்சு. தொடப்பத்தப் போட்டுட்டு உள்ள போனவதான் என் வீட்டுக்காரி, அன்னிக்கு அவ அடுப்பே மூட்டல. வீட்டக் காலி பண்ணிட்டுப் போற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கல.

தோட்டக்காரர்: புழு அப்படித் தின்னுச்சு சகலை! ஆசைப்பட்டா மருந்து அடிச்சேன்? அறுத்தா புழு, கடிச்சா புழு...

தேனீக்காரர்: அதுக்காகப் பூவு பூத்து நிக்கறப்பவா?

தோட்டக்காரர்: காய் ஆனப்புறம் அடிச்சா கேக்காதுன்னாங்க.

தேனீக்காரர்: சரி. புழு எங்கேருந்து வந்துச்சு?

தோட்டக்காரர்: அந்துப்பூச்சி முட்டை போட்டுச்சு, வந்துச்சு.

தேனீக்காரர்: அதுக்கு முன்னாடி இல்லாத அந்து, அந்த வருஷம் மட்டும் ஏன் அவ்வளவு?

தோட்டக்காரர்: இது என்ன, கோர்ட்டா?

தேனீக்காரர்: சும்மா கேக்கறேன். கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய்.

தோட்டக்காரர்: நான் வெரட்டின வௌவாலச் சொல்ல வர்றீங்க.

தேனீக்காரர்: நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சொல்றீங்க.

தோட்டக்காரர்: பழத்தக் கடிச்சுக் கடிச்சுப் போட்டுச்சு! வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?

தேனீக்காரர்: கடிச்சது பெரிய வௌவாலு. எங்கேருந்தோ வந்துச்சு, கடிச்சுச்சு, போயிடுச்சு. உங்க குடோன் கூரையில தொங்கினது இத்தினியூண்டு... தீப்பெட்டிக்குள்ள அடங்கும். அது வாயில பேரிக்கா நுழையுமா? ராத்திரி பூரா அது தின்னதே அந்தப் பூச்சியத்தான்.

தோட்டக்காரர்: எனக்கு வௌவால்னா எல்லாம் வௌவாலுதான். புகை போட்டேன், ஓட்டைய அடைச்சேன். யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க.

தேனீக்காரர்: செய்வாங்க. வௌவாலு போச்சு, பூச்சி வந்துச்சு. பூச்சிக்குப் பின்னாடி புழு. புழுவுக்குப் பின்னாடி மருந்து. அப்புறம்...

தோட்டக்காரர்: அப்புறம் குருவி.

தேனீக்காரர்: குருவியா?

தோட்டக்காரர்: மருந்து பட்ட புழுவத் தின்னுட்டு விழுந்துச்சுங்க. என் பொண்ணு ஒண்ண எடுத்து அட்டைப் பெட்டியில வெச்சுப் பொதைச்சா. அப்புறம் கொஞ்ச நாள் என்கிட்ட பேசவே இல்ல. அடுத்த வருஷம் அங்கொண்ணு இங்கொண்ணு புடிச்ச காயிலயும் புழு, முன்னவிட ஜாஸ்தி. தின்ன ஆளு இருந்தாத்தானே... போதுமா? எல்லாத்தையும் என் வாயாலயே சொல்லிட்டேன். இப்ப ஏணி மேல நின்னு பூவுக்குப் பணிவிடை பண்ணிக்கிட்டிருக்கேன். மனசு குளுந்துச்சா?

தேனீக்காரர்: குளுரலண்ணே. குளுரும்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன்.

தோட்டக்காரர்: இடுப்பு விட்டுப்போச்சு சகலை. ஆளக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாங்க. பூவத் தடவ வாங்கன்னா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கறாங்க.

தேனீக்காரர்: அசையாதீங்க.

தோட்டக்காரர்: என்ன? பாம்பா?

தேனீக்காரர்: ஷ்ஷ்... உங்க கைக்கு மேல. அந்தக் கொத்துல.

தோட்டக்காரர்: எங்க... ஏய்! சகலை!

தேனீக்காரர்: கத்தாதீங்கண்ணே.

தோட்டக்காரர்: தேனீ! தேனீதானே அது? நம்ம தேனீயா?

தேனீக்காரர்: பெட்டித் தேனீ இல்ல, காட்டுத் தேனீ. எங்கயோ பொந்துல கூடு வெச்சிருக்கு. கால்ல பாருங்க, ரெண்டு பக்கமும் உருண்டை உருண்டையா... நல்லா அள்ளியிருக்கு.

தோட்டக்காரர்: ஒண்ணே ஒண்ணுதானா?

தேனீக்காரர்: இது போய் மத்ததுங்களக் கூட்டிட்டு வரும். நாளைக்குக் காலையில இந்த மரத்துக்கு அடியில வந்து நில்லுங்க, சத்தம் கேக்கும்.

தோட்டக்காரர்: நாளைக்கா...

தேனீக்காரர்: ஏன், நாளைக்கு என்ன?

தோட்டக்காரர்: ஒண்ணுமில்ல. அவ்வளவு சீக்கிரமாவான்னு கேட்டேன்.

தேனீக்காரர்: வெயில் ஏறினதும் வந்துடும். வரலாமில்ல?

தோட்டக்காரர்: வரட்டுமே. தாராளமா வரட்டும்.

தேனீக்காரர்: போயிடுச்சு... அண்ணே, மருந்து இப்ப அடிக்கறதில்லதானே?

தோட்டக்காரர்: அட, இவ்வளவு நேரம் என்ன பேசிக்கிட்டிருக்கேன்? விட்டாச்சு. ஸ்பிரேயர் எந்த மூலையில கெடக்குதுன்னே எனக்குத் தெரியாது.

தேனீக்காரர்: அப்ப புழு?

தோட்டக்காரர்: தின்னுட்டுப் போகட்டும். அதுவும் ஒரு ஜீவன்தானே.

தேனீக்காரர்: ஆஹா.

தோட்டக்காரர்: நக்கல் வேணாம். நம்பலையா? என் பொண்ணு மேல சத்தியமா...

தேனீக்காரர்: புள்ளைய இழுக்காதீங்க. வேணாம்.

தோட்டக்காரர்: அப்ப நம்புங்க. ஒரு சொட்டு இந்த மண்ணுல விழாது. நம்பிப் பெட்டியக் கொண்டாந்து வைங்க. அவசரமில்ல... அடுத்த வாரம் வந்தாக்கூடப் போதும்.

தேனீக்காரர்: அடுத்த வாரம் பூவெல்லாம் கொட்டிடுமே.

தோட்டக்காரர்: கடைசிப் பூவு கொஞ்சம் இருக்கும்ல? நாளைக்கு மட்டும் வேணாம். நாளைக்கு... நான் ஊருல இல்ல.

தேனீக்காரர்: நீங்க இல்லேன்னா என்ன? வேலை செய்யப்போறது அதுங்கதானே.

தோட்டக்காரர்: அட, சொன்னாக் கேளுங்க சகலை! அடுத்த வாரம் வைங்க. ஆமா... கைய இப்படிக் காட்டுங்க. முன்னல்லாம் முழங்கை வரைக்கும் தடிச்சு தடிச்சு இருக்கும். இப்ப ஒரு கொட்டு கூடக் காணோமே?

தேனீக்காரர்: அதுங்களுக்கும் என்னையக் கொட்டிக் கொட்டிச் சலிச்சுப் போச்சு.

தோட்டக்காரர்: மழுப்பாதீங்க. பெட்டி இருக்கா, இல்லையா? நான் மனசுல இருக்கறத ஒளிக்காம சொன்னேன். நீங்களும் சொல்லுங்க.

தேனீக்காரர்: பெட்டியெல்லாம் அந்த வருஷமே விறகாப் போச்சுண்ணே. நான் இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பூச்சிமருந்துக் கடையில வேலைக்கு நிக்கறேன்... இன்னிக்குக் காலையில கடை தொறந்ததும் உங்க டிராக்டர் டிரைவர் வந்தான், புதுசு போல, அவனுக்கு என்னையத் தெரியல. நாளைக்குப் பேரிக்கு அடிக்கணும், ஓனரு பூவுலயே அடிக்கச் சொல்லியிருக்காருன்னான். மருந்து கேன எடுத்து, மூடி ஒழுகுதான்னு பாத்து, நான்தான் கட்டிக் குடுத்தேன்.