எத்தனை நாளுக்கு ஒருமுறை

டேட்டாபேஸும் வீடு மாதிரிதான், ஐயா. பெருக்காமல் விட்டால் குப்பை சேரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை பெருக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

மருத்துவமனையில் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் என் பொறுப்பு. நான் சேர்ந்த புதிதில் அது திறப்பதற்குள் ஒரு டீயைக் குடித்து முடித்துவிடலாம். பேக்கப், அதாவது பட்டியலின் நகல், கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்டால், அப்படி ஒன்று உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நான்தான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். தினமும் பேக்கப், நோயாளி பரிசோதனைக்கு வராமல் தொண்ணூறு நாளாக எவரும் கை வைக்காத பதிவு தானாகவே பட்டியலிலிருந்து இறங்கிவிடும். பெரும்பாலும் காலமானவர்கள், ஊர் மாறிப் போனவர்கள். தலைமை மருத்துவர் எல்லார் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு என் மைத்துனனின் பெயரும் அதில் ஏறியது.

"என்னங்க, தம்பிக்கு முன்னாடி எத்தனை பேரு இருக்காங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அவன் ரத்த வகையில மூணு பேரு."

"மூணே பேருதானா," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

தொண்ணூறு நாள் ரொம்பத் தாராளம் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. முப்பதாகக் குறைத்தேன். முதலில் இருந்த தச்சர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பரிசோதனைக்கு வருவார், இறங்கிவிட்டார். இருபதாக்கினேன். மாதாமாதம் வந்த லாரி ஓட்டுநரும் இறங்கினார். மூன்றாமவர் ஒரு டீச்சர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாண் என்று வந்து நிற்பார். எனவே ஏழு.

மைத்துனனின் பதிவை மட்டும் தினமும் திறந்து, போன் நம்பரைச் சரிபார்த்துச் சேமித்து வைப்பேன். சொந்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

டீச்சருக்கு என்ன தோன்றியதோ, ஒருநாள் போன் செய்தார். "தம்பி, என் பேரு இருக்குதில்ல?"

"இருக்கும்மா. நிம்மதியா இருங்க."

நான் பொய் சொல்லவில்லை. பேக்கப்பில் இருந்தது.

அடுத்த வாரமே ஒரு சிறுநீரகம் வந்தது. மைத்துனனுக்குப் பொருத்தினார்கள். டீச்சர் அதன்பின் ஆறு வாரம்தான் உயிரோடு இருந்தார். ஓட்டுநர் அதற்கும் முன்பே போய்விட்டாராம். தச்சர் உயிரோடு இருக்கிறார் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்; சந்தோஷம். கூடவே நாற்பத்தோரு பேர் இறங்கியிருக்கிறார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். அவர்கள் வேறு ரத்த வகை, ஐயா. அவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.

தெரிந்தே செய்தாயா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். மூவரும் கடைசியாக வந்த தேதியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் நாள் கணக்கை மாற்றினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

மைத்துனன் இப்போது நன்றாக இருக்கிறான். என்ன, மாத்திரையைத்தான் வேளாவேளைக்குப் போடுவதில்லை. எத்தனை சொன்னாலும், ஒரு உயிரின் அருமை சிலருக்குப் புரிவதே இல்லை.