கிளிப்பக் கழட்ட மாட்டேன்

ஆ... இன்னும் கொஞ்சம் பெருசா. அவ்ளோதான், அப்படியே இருங்க. வாய்ல இந்த பிளாஸ்டிக்க மாட்டிட்டேன்ல, இனிமே நீங்க பேச முடியாது, நான்தான் பேசுவேன். வலிச்சா மட்டும் இடது கையத் தூக்குங்க. அரே, நான் இன்னும் தொடவே இல்ல, அதுக்குள்ள தூக்குனா எப்படி?

என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியும். ராம்பிரசாத்னு கார்டுல பாத்துட்டு ஏதோ யூ.பி. பக்கத்து ஆளுன்னுதான் நெனச்சேன். வெளிய உக்காந்து போன்ல அம்மாகிட்ட சத்தமா தமிழ்ல பேசுனீங்க பாருங்க, அப்பதான் புரிஞ்சுச்சு. தெருவுக்குத் தெரு தமிழாளு இருக்கிற இந்தக் கேம்ப் ஏரியால உக்காந்துக்கிட்டு, தமிழ் ஒருத்தருக்கும் புரியாதுன்னு எப்படிங்க நெனச்சீங்க? புனேவுக்குப் புதுசா? ஆங், தலைய ஆட்டாதீங்க, கம்பி குத்தும்.

ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்கப் போறீங்க. அதுக்குள்ள கிளிப்பக் கழட்டணும், போயிட்டு வந்து திரும்ப ஒட்டிக்கணும். இவ்ளோதான விஷயம்? கிளிப் மாட்டிவிட்ட ஜம்புநாதன் டாக்டர் இதுக்கு ஒத்துக்க மாட்டாருன்னு, அவரு லீவுல இருக்கிற நாளாப் பாத்து வந்திருக்கீங்க. பலே ஆளுதான். அவருக்குப் பதிலா வந்திருக்கிறவ ஏமாளியா இருப்பான்னு ஒரு நம்பிக்க.

கழட்டுறது ஒண்ணும் கஷ்டமில்ல. அப்புறம் என்ன ஆகும்னு கேட்டுக்கோங்க. பல்லு எலும்புக்குள்ள ஆணி அடிச்சு நிக்குதுன்னுதான எல்லாரும் நெனைக்கிறோம்? இல்லைங்க. நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. பல்லு மேல ஒட்டியிருக்கே இந்தக் குட்டி பிராக்கெட், இது சும்மா கைப்பிடி மாதிரி. வேலை செய்யறது கம்பிதான். அத எப்படி வளைச்சு மாட்டினாலும் பழையபடி நிமிந்துதான் நிப்பேன்னு அதுக்கு ஒரு பிடிவாதம். அது நிமிரும்போது பல்லையும் சேத்துக் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும். பல்லு நகர்ற பக்கம் எலும்பு கரைஞ்சு வழி விடும், விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரும். உங்களுக்கு அந்தப் புது எலும்பு இன்னும் இறுகல. இப்பக் கழட்டினா பல்லு பழைய எடத்தப் பாத்துக் கெளம்பிடும். எல்லாம் முடிஞ்சு கழட்டுனாலே ரீடெயினர்னு ஒண்ண மாட்டி அதுங்களக் காவல் காக்கணும்.

சரி, மேல இருந்து கீழ்க் கடவாப்பல்லுக்கு ரப்பர் பேண்டு மாட்டச் சொல்லியிருந்தாரே, மாட்டுனீங்களா? பொய் சொல்லாதீங்க. கண்ண உருட்டுனாலும் அதுவும் பொய்தான். கார்டப் பாத்தேன், மேல் பல்லு போன தடவ நின்ன எடத்துலயே நிக்குது. கம்பிக்குப் பதிலா பல்லு மேல மாட்டிக்கிற அந்தக் கண்ணாடி மாதிரி டிரேயக் கைகாட்டாதீங்க. அது நாள் பூரா வாய்ல இருக்கணும், சாப்பிட மட்டும்தான் கழட்டலாம். நீங்க அத டிஷ்யூல சுத்தி ஆபீஸ் கேன்டீன்ல விட்டுட்டு வர்ற ஆளு. தீப்தி, சக்‌ஷன் பக்கட் நா. எச்சில உறிஞ்சற குழாய என் அசிஸ்டென்ட் பிடிச்சுக்குவா, நீங்க அசையாதீங்க.

பொண்ணு டாக்டரு, வாயில கம்பியப் பாத்தா கேவலமா நெனைப்பான்னு அம்மாகிட்ட புலம்புனீங்களே, என்ன டாக்டருன்னு கேட்டீங்களா? கேக்கல. அம்மா தன் முட்டி வலிக்கு வீட்லயே ஒரு டாக்டர் ஆச்சுன்னு சந்தோஷத்துல இருக்காங்க. நீங்க ஃபோட்டோ கூடப் பாக்கல, நேர்லயே பாத்துக்கிறேன்னுட்டீங்க. நல்ல குடும்பம்.

எனக்கு ரொம்ப நெருக்கமான ஒரு பொண்ணு. போன வருஷம் அவளப் பாக்க ஒருத்தரு வந்தாரு, தல நெறைய முடி. அவங்கப்பா வேர்க்குதேன்னு ஃபேன ஃபுல்லா வச்சாரு. அவ்ளோதான், மனுஷன் ரெண்டு கையாலயும் தலையப் பிடிச்சுக்கிட்டாரு, காபி டம்ளர வாங்கக் கை இல்ல. விக்கு! சிரிக்காதீங்க, கம்பி மாட்டிட்டிருக்கேன். அவளும் அன்னைக்குச் சிரிச்சா, அப்புறம் ரூமுக்குள்ள போயி அழுதா. சொட்டைக்காக இல்லைங்க. வீட்டுக்குள்ள வரும்போதே ஒண்ண மறைக்கிறவன் இன்னும் என்னென்ன மறைப்பானோன்னு பயம். கோணப் பல்லெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்ல, தெனமும் பாக்குறா.

இப்பச் சொல்லுங்க. கழட்டித்தான் ஆகணும்னா கட்டை விரலக் கீழ காட்டுங்க, ஜம்புநாதன் சாருக்குப் போன் போட்டுக் குடுக்கிறேன், அவர்கிட்ட திட்டு வாங்கிக்கோங்க. கிளிப்போடயே போயி, அந்தப் பொண்ணு முன்னாடி வாய் நெறைய சிரிக்கிறேன்னா மேல காட்டுங்க. நல்லா யோசிங்க, நான் வெய்ட் பண்றேன்.

மேலயா? நிஜமா? அது என்ன, ரெண்டு கையும் மேல! அப்பாடா. நல்ல வேள. கொஞ்சம் பயந்துதான் போயிட்டேன்.

இருங்க, கம்பியப் பிராக்கெட்டோட பிடிச்சு வைக்கிற இந்தக் குட்டி ரப்பர் வளையத்த மட்டும் புதுசு மாத்திடறேன். வெளிய தெரியாத கலரா வேணுமா? சரி சரி, கண்ண மூடிக்கோங்க... ஆச்சு. தீப்தி, ஆய்னா தே. இந்தாங்க கண்ணாடி.

பாருங்க. ஆமா, பச்சைதான். பாட்டில் பச்சை. நீங்க கேட்டது வேற, தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு எங்கம்மா எனக்குப் பாட்டில் பச்சைப் பட்டுதான் எடுத்து வச்சிருக்காங்க. மேட்சிங்கா இருக்கட்டுமேன்னுதான்.

ஐயோ மெதுவா, வாய்ல இருக்கிற பிளாஸ்டிக்க எடுத்துடறேன், கொப்புளிச்சுத் துப்புங்க, முழுங்கிடாதீங்க. ஆமாங்க, நீங்க ஞாயித்துக்கிழம வரப்போற அந்தக் கோந்த்வா வீடுதான். பக்தவத்சலம் பொண்ணு ஸ்ரீவித்யாதான். முறுக்கு வைக்க வேணாம்னு வீட்ல சொல்லிடறேன், கேசரி மட்டும், முந்திரி போடாம. அம்மா முட்டிக்கு வேற டாக்டரப் பாருங்க.

மாஸ்க்கா? அதெல்லாம் கழட்ட மாட்டேன். பொண்ணு பாக்குறது ஞாயித்துக்கிழமதான?