ஒரு அடி இடது பக்கம்

— ஒரு அடி இடது பக்கம் வாங்க மேடம். இன்னும் கொஞ்சம்... ஆங், நில்லுங்க. இப்பப் பாருங்க. மணிக்கூண்டு முழுசா தெரியுதா? கரன்ட் கம்பி ஏதாவது குறுக்க வருதா?

— வரலைண்ணே. சுத்தமா இருக்கு.

— சும்மா சொல்லக்கூடாது, இருபத்திரண்டு வருஷமா வர்ற ஆளுங்களை இதே கல்லு மேலதான் நிக்க வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் ஒரு அடி போனா டிரான்ஸ்ஃபார்மர், இந்தப் பக்கம் ஒரு அடி வந்தா குப்பைத்தொட்டி. ஊர்ல கைடுன்னா யாருக்கும் தெரியாது, 'ஓரடி'ன்னு கேட்டாத்தான் வீட்டைக் காட்டுவாங்க.

— பொருத்தமான பேருதான். சரி, படத்துல தெரியிற வீட்டோட கதவு எண்ணெல்லாம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

— ஒவ்வொரு இடத்துலயும் இது எதுக்கு மேடம்? நாம படம் எடுக்க வந்தோமா, தபால் குடுக்க வந்தோமா?

— என் வேலையே அதானேண்ணே. நகராட்சியில கதவு எண் இல்லாம ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டாங்க.

— பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு. பதிமூணு கிடையாது. வீட்டுக்காரருக்கு அந்த நம்பர் ஆகாதாம், பன்னெண்டு 'ஏ'ன்னு மாத்திக்கிட்டார்.

— குறிச்சாச்சு. சுற்றுலா வர்றவங்க நின்னு படம் எடுக்கிறதுக்குன்னு நகராட்சி கேட்ட பத்து இடத்துல இதோட அஞ்சு. இன்னும் அஞ்சு இடம் வேணும்.

— இதையும் கையோட அனுப்பிடுங்க மேடம்.

— ஒவ்வொண்ணுக்கும் இப்படியே அவசரப்படுத்துறீங்க. அனுப்பிட்டா அப்புறம் மாத்த முடியாது. பத்தையும் எடுத்துட்டு, சாயங்காலம் உக்காந்து நிதானமா...

— நான் காட்டுற இடத்துல மாத்துறதுக்கு என்ன இருக்கு? அனுப்புங்க சொல்றேன்.

— சரி சாமி, போயிடுச்சு. ஆமா, அதோ மேட்டுல வரிசையா மொட்டை மாடி தெரியுதே, அது எந்த ஏரியா?

— எது? அதுவா... கிணத்துச் சந்து. அங்க ஒண்ணும் இல்ல மேடம்.

— அங்கேருந்து பாத்தா கோட்டை, ஆறு, பாலம் மூணும் ஒரே படத்துல வரும் போலிருக்கே.

— வெயில் எதிர்ல அடிக்கும். காலையிலயும் எதிர், சாயங்காலமும் எதிர்.

— ரெண்டு வேளையுமா? அந்தச் சந்துக்கு மட்டும் சூரியன் தனியா உதிக்குதாண்ணே?

— அதில்ல... படி வேற வழுக்கும். விழுந்து கேமராவை உடைச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது? ஒரு நிமிஷம் மேடம், வீட்லேருந்து போன். சொல்லு, என்ன?

— ஏங்க, எங்க நிக்கிறீங்க?

— மணிக்கூண்டுகிட்ட. மெதுவாப் பேசு. இரு, கொஞ்சம் தள்ளி வந்துக்கிறேன்... ம், இப்பச் சொல்லு.

— அந்தம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடாதீங்க. எதிர்ல உங்க அண்ணன் காலையிலேருந்து வாசலை விட்டு நகரல. கேமராவைப் பாத்தார்னா அவ்வளவுதான்.

— கூட்டிட்டு வருவேனா? ஆறு வருஷம் முன்னால வாங்கிக் கட்டிக்கிட்டது பத்தாதா? அஞ்சு இடம் அனுப்பியாச்சு. மீதி அஞ்சையும் வெளியிலயே முடிச்சுட்டா நம்ம சந்து தப்பிச்சுது. அப்புறம் ஒருத்தனும் கேமராவைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் வரமாட்டான்.

— என்னமோ பண்ணுங்க. அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு பேர் வந்து இங்க வீட்டுக்கு வீடு சிவப்பு பெயின்ட்ல கோடு போட்டுட்டுப் போறாங்க. எதுக்குன்னு கேட்டா, 'ஆஃபீஸ்ல கேட்டுக்குங்கம்மா'ன்றான்.

— குழாய் வேலையா இருக்கும். வெச்சுடு.

— எதைச் சொன்னாலும் உங்களுக்குக் குழாய்தான்.

— வீட்ல ஏதாவது பிரச்சினையாண்ணே?

— சேச்சே, சாப்பிட வருவீங்களான்னு கேட்டா. வாங்க மேடம், அடுத்தது பாலம். நடுவுல மூணாவது தூண்கிட்ட நின்னீங்கன்னா, தண்ணியில கோட்டை தலைகீழா தெரியும்...

— பாலம் ஆறு, சந்தை வளைவு ஏழு, குதிரை லாயம் எட்டு, இந்தப் படித்துறை ஒம்பது. கால் ரெண்டும் கழண்டு போச்சுண்ணே. கொஞ்சம் உக்காருவோம்.

— ஒம்பதையும் அனுப்பிட்டீங்கல்ல?

— நீங்கதான் கழுத்துல துண்டைப் போடாத குறையா அனுப்ப வெச்சுட்டீங்களே. இன்னும் ஒண்ணே ஒண்ணு. மணி மூணேகால் ஆகப் போகுது, நாலு மணிக்குள்ள பத்தும் ஆஃபீஸுக்குப் போய்ச் சேரணும். அந்தப் பத்தாவதுக்கு எனக்கு ஒரு ஆசை. இந்தப் படத்தைப் பாருங்க.

— என்ன இது?

— தபால் அட்டை. ஆஃபீஸ் அலமாரியில கிடந்தது. மேலேருந்து எடுத்திருக்காங்க. ஒரு சின்னச் சந்து, பின்னால கோட்டை, செதுக்கு வேலை செஞ்ச கதவு. கதவுகிட்ட ஒருத்தர் பனியனோட நின்னு பல் விளக்குறார். வாயெல்லாம் நுரை. எவ்வளவு இயல்பா இருக்கு! இது எங்கண்ணே?

— தெரியலையே மேடம்.

— ஊர்ல குப்பைத்தொட்டி எங்க இருக்குன்னு அடிக்கணக்குல சொல்றீங்க, இது தெரியாதா?

— தெரியாதுன்னா விடுங்களேன்.

— ஏன் முகம் இப்படிக் கறுத்துப் போச்சு?

— ...அது என் கூடப்பொறந்த அண்ணன்.

— ஐயோ, இவரா!

— எடுத்தது எங்க மாடியிலேருந்து. நான்தான் ஒரு படக்காரரைக் கூட்டிட்டுப் போனேன். 'ஒரு அடி இடது பக்கம் தள்ளி நில்லுங்க சார், கதவு முழுசா வரும்'னு நான்தான் சொன்னேன். கதவு வந்துச்சு, கூடவே எங்க அண்ணனும் வந்துட்டார். மூணு மாசத்துல ஊர்ல இருக்கிற கடையெல்லாம் கயித்துல கோத்துத் தொங்கவிட்டுட்டாங்க. அவர் பள்ளிக்கூட ஆசிரியர் மேடம். பாடம் நடத்தத் திரும்பினா, பசங்க பின்னால பல் விளக்கிக் காட்டுறாங்க.

— சிரிக்கக்கூடாதுதான்... மன்னிச்சுக்குங்க.

— எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், அதுதான் தப்பாப் போச்சு. 'என்னை ஊருக்கே வேடிக்கைப் பொருளாக்கிட்டே, இனிமே கேமராவோட எவனையாவது இந்தச் சந்துக்குள்ள கூட்டிட்டு வந்தே, காலை உடைப்பேன்'னார். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது. எதிரெதிர் வாசல், நடுவுல நாலு அடி. ஆறு வருஷமா அவர் கதவைத் திறந்தா நான் சாத்துவேன், நான் திறந்தா அவர் சாத்துவார்.

— அப்ப அது கிணத்துச் சந்துதானே?

— ஆமா.

— வெயிலு, வழுக்கு எல்லாம்?

— எல்லாம் சும்மா. கால் மேல ஆசை இருக்காதா மேடம்?

— அடப் பாவமே. எவ்வளவு நல்ல சந்து. அது போகப் போகுதேன்னுதான் எனக்கு வருத்தம்.

— எங்க போகப் போகுது?

— என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குறீங்க? நகராட்சிக் கூட்டத்துல கைடுங்க எல்லாருக்கும் சொன்னாங்களே. இந்தப் பத்து இடத்துல எதுலேருந்தாவது கதவு தெரியிற வீட்டை யாரும் தொடக்கூடாது. எந்தப் படத்துலயும் வராத பழைய வீட்டையெல்லாம் இடிச்சு வண்டி நிறுத்துற இடமாக்கிடுவாங்க.

— எப்பச் சொன்னாங்க? நான் முன்வரிசையிலதானே உக்காந்திருந்தேன்?

— டீ குடுத்ததுக்கு அப்புறம்.

— டீ வந்ததும் எழுந்து வந்துட்டேன் மேடம். கோட்டை வாசல்ல ஒரு குடும்பம் எனக்காகக் காத்துட்டிருந்தது.

— அப்ப நீங்க... உங்க வீடு...

— சிவப்புக் கோடு. குழாய் வேலைன்னு சொன்னேனே, என் வாயில... மேடம், எழுந்திருங்க. பத்தாவது இடம் இருக்குல்ல? ஓடியாங்க.

— மெதுவாண்ணே, படி வழுக்கும்னீங்களே!

— வழுக்காது மேடம், கல்லு மாதிரி இருக்கு, ஓடியாங்க! இந்தாம்மா, கதவைத் திற, மாடிச் சாவியை எடு!

— என்னங்க, சொன்னதை விட்டுட்டு நேரா கேமராவோடவே வந்து நிக்கிறீங்க? உங்க அண்ணன் எதிர்ல முறைச்சுப் பாத்துட்டிருக்கார்.

— பாக்கட்டும். அந்தக் கோடு குழாய்க்கு இல்லடி, இடிக்கிறதுக்கு. படத்துல வந்தா வீடு தப்பிக்கும். சாவியைக் குடு.

— இடிக்கிறதுக்கா? ஐயோ, மேடம், ஏறுங்க, ஏறுங்க. தலையை இடிச்சுக்காதீங்க, அந்தக் கொடியை ஒதுக்கிட்டுப் போங்க.

— அண்ணே... இதை விட்டுட்டா என்னைக் குதிரை லாயத்துல நிக்க வெச்சீங்க? ஆறு, பாலம், கோட்டை, கீழ சந்து முழுக்க. இருங்க, கதவை எண்ணுறேன்.

— மொத்தம் இருபத்தொண்ணு மேடம். சந்து வளைஞ்சு போறதால ரெண்டு பக்கமும் எல்லாம் தெரியும். நீங்க நல்லா எண்ணுங்க.

— ...பதினெட்டு, பத்தொம்பது, எதிர்வீட்டோட இருபது. ஒண்ணு குறையுதே.

— குறையாதே. திரும்ப எண்ணுங்க.

— எண்ணிட்டேண்ணே. நாம நிக்கிற வீடுதான் தெரியல. காலுக்குக் கீழ இருக்கிற வீடு எப்படிப் படத்துல வரும்?

— ...அப்ப இது மட்டும் போயிடுமா?

— இடிக்க மாட்டாங்க. ஆனா படம் எடுக்கிற இடம் பொதுவா இருக்கணும். மாடி படம் எடுக்கிற இடமாச்சுன்னா, வீட்டை நகராட்சி எடுத்துக்கும். உங்களுக்கு ஊருக்கு வெளிய, புதுக் குடியிருப்புல வேற வீடு குடுப்பாங்க.

— சந்துல நின்னு எடுத்தா?

— ரெண்டு கையை நீட்டினா ரெண்டு சுவரும் தட்டுது. ரெண்டு கதவுக்கு மேல வராது.

— அனுப்பினதுல ஒண்ணை எடுத்துட்டு...

— முடியாதுண்ணே. நான் காலையிலேயே சொன்னேன்.

— நீங்க இருங்க, நான் கேக்குறேன். மேடம், எனக்கு ஒண்ணு புரியணும். எதிர் மாடியும் இதே உசரம்தானே? அங்கேருந்து எடுத்தா?

— ஆமா அண்ணி, இதே படம்தான் வரும். உங்க வீடு உட்பட இருபது கதவு. அந்த வீடு மட்டும் வராது.

— கேட்டீங்களாங்க? அப்ப அங்கேருந்து எடுக்கச் சொல்லுங்க. அவருக்குப் பக்கத்து வீட்டு மாடிப்படி வழியா தாண்டிப் போயிடலாம்.

— சும்மா இரு.

— எதுக்குச் சும்மா இருக்கணும்? அட்டையில வந்ததுக்குக் காலை உடைப்பேன்னு சொன்ன மனுஷன். என் பொண்ணு கல்யாணத்துக்கு எதிர்வாசல்லேருந்து எட்டிப் பாக்கல. அவருக்காக நான் வீட்டைக் குடுக்கணுமா?

— குடுக்கணும்னு யார் சொன்னது? யோசிக்க விடு.

— அண்ணே, மணி மூணு அம்பது. எங்கேருந்துன்னு நீங்களே சொல்லுங்க. நான் எழுதறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எடுக்கலைன்னா இருபத்தொண்ணும் போயிடும்.

— அவர் கால்ல ஆபரேஷன் ஆச்சுல்ல?

— போன வருஷம். ஏன் கேக்குறீங்க?

— சந்து முனைக் கடை, அங்கேருந்து வாசல், அவ்வளவுதான் நடக்கிறார்னு நீதானே சொன்னே?

— சொன்னேன்.

— ஊருக்கு வெளிய கொண்டுபோய் விட்டா அவருக்கு வழி தெரியாதுடி. நான் வழி காட்டிப் பொழைக்கிறவன். எங்க விட்டாலும் திரும்பி வந்துடுவேன்.

— அப்ப நான்?

— நீ என்கூட வந்துடு. உன்னை எப்பவாவது வழி தப்ப விட்டிருக்கேனா?

— ...கொடியில இருக்கிற துணியை எடுக்கிறேன். படத்துல நம்ம போர்வை வேற வரணுமா?

— மேடம், இங்கேருந்தே எடுங்க.

— நல்லா யோசிச்சுட்டீங்களா? அனுப்பிட்டா...

— மாத்த முடியாது, தெரியும். எடுங்க.

— பத்தொம்பது கதவு சரியா இருக்கு. இருபதாவதுதான் வரல. எதிர்வீட்டுக்காரர் வாசல்ல இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நம்மளையே பாத்துட்டு நிக்கிறார், கதவு எண் மறையுது. எண் தெரியலைன்னா அந்த வீடு கணக்குல வராது. யாராவது சொன்னா தேவலை.

— நான் சொல்லட்டுமாங்க?

— வேண்டாம். நான் சொல்றேன்... அண்ணே! உன்னைத்தான்ணே! ஒரு அடி இடது பக்கம் தள்ளி நில்லு, உன் வீட்டை நீயே மறைச்சுக்கிட்டு நிக்கிறே.